அப்பா எழுதாத ஏழு கட்டுரைகள்

பதவி உயர்வு விண்ணப்பத்துக்காகக் கட்டுரைகளைத் தொகுக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, என் அப்பாவும் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் என்று. ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் பட்டியலிடும் ஸ்கோபஸ் தளத்தில் 'செல்வராஜ் கே.' என்ற பெயரில் ஏழு கட்டுரைகள் இருந்தன. செல்வராஜ் என் அப்பா. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில் சம்பா போடுகிறவர்.

நடந்தது இதுதான். ஆரம்பக் கட்டுரைகளில் நான் 'எஸ். கலைச்செல்வி'. அப்புறம் ஒரு வெளிநாட்டு இதழின் படிவம் குடும்பப் பெயர் போடாமல் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன். கட்டுரைப் பட்டியல்களில் குடும்பப் பெயர்தானே முன்னால் வரும்! கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறி 'ஆர். கலைச்செல்வி' ஆனேன். ஒரே ஆள், மூன்று கணக்கு.

இதில் அடி வாங்கியது எச்-இண்டெக்ஸ். ஒருவருடைய கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று அளக்க, ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் சொன்ன கணக்கு அது. தலா 8 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 8 இருந்தால் எச் 8. எஸ்.-க்கு 6, அப்பாவுக்கு 4, ஆர்.-க்கு 3 என்று பிரிந்து கிடந்தது. கூட்டினால் 13 வரும் என்று நினைத்தேன். 21 கட்டுரைகளும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு வந்தது 8.

சேர்ப்பது பெரிய வேலையில்லை. முதலில் ஆராய்ச்சியாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் வாங்கினேன். 2012-இல் வந்த 16 இலக்க எண், செலவில்லை. இனிஷியல் எத்தனை முறை மாறினாலும் எண் மாறாது. நம் ஊர்ப் பெயர்களுக்காகவே கண்டுபிடித்ததுபோல் இருக்கிறது. அப்புறம் ஸ்கோபஸில் மூன்று கணக்கையும் இணைக்கச் சொல்லி விண்ணப்பம். மேட்டூர் திறந்த வாரம் போட்டேன். எங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருமுன் வேலை முடிந்துவிட்டது.

இதேபோல் கட்டுரைகளைப் பட்டியலிடும் கூகுள் ஸ்காலரில் நேர்மாறான தொல்லை. கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை விட்டுவைத்திருந்தேன். இன்னொரு கலைச்செல்வி இறால் குட்டை பற்றி எழுதியதெல்லாம் என் கணக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. நீக்கினால் எச் 11-இலிருந்து 9-க்கு இறங்கும். இரண்டு நாள் கை வரவில்லை. அப்புறம் நீக்கினேன்.

உண்மையான சிக்கல் கல்லூரி அலுவலகத்தில். "செல்வராஜ் யாரு மேடம்? அவர் கட்டுரையை நீங்க ஏன் வச்சிருக்கீங்க?" என்றார் எழுத்தர். அந்த ஏழில் நான்கில் நான்தான் முதல் ஆசிரியர். 2018 யுஜிசி விதிப்படி, இரண்டு பேருக்கு மேல் எழுதிய கட்டுரையில் முதல் ஆசிரியருக்கு மதிப்பெண்ணில் 70 சதவீதம், கூட எழுதியவர்களுக்கு 30. விட முடியுமா? தஞ்சாவூரில் நோட்டரியைப் பிடித்து, 'மேற்படி மூன்று பெயர்களும் ஒரே நபரையே குறிக்கும்' என்று பத்திரம் எழுதிக் கொடுத்தேன். ஸ்கோபஸ் கேட்காத பத்திரம்.

எல்லாம் ஒரே பட்டியலில் வந்ததும் எது எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்று பார்த்தேன். முதலிடத்தில் இருப்பது, மூன்று மாதத்தில் மற்றவர்கள் வேலையைத் தொகுத்து எழுதிய ஒரு மதிப்பாய்வு. பாக்குச் சாறு கன்னச் செல்களை என்ன செய்கிறது என்று நான்கு வருஷம் பார்த்த வேலைக்கு 9. இதில் மனம் உடையக் கூடாது. உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, லௌரி குழு 1951-இல் எழுதிய புரத அளவீட்டு முறை. மூன்று லட்சத்துக்கும் மேல். எங்கள் ஆய்வகத்தில் முதல் வருஷ மாணவிகூட லௌரி போடுவாள்.

அந்த 9-ஐ ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். நான்கு பேர் முன்னுரையில் ஒரு வரியில் கடந்து போயிருந்தார்கள். மூன்று என் சொந்தக் கட்டுரைகள். மீதி இரண்டும் தைவானிலிருந்து. அங்கேயும் வெற்றிலை பாக்கு உண்டு, ஆனால் பெரும்பாலும் புகையிலை சேர்ப்பதில்லை. நம் ஊரில் புகையிலையும் சேர்வதால், பாக்கு மட்டும் எவ்வளவு கெடுக்கிறது என்று மனிதர்களிடம் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்டுவிட்டது. எப்படித் தருகிறது என்பதில்தான் வேலை நிறைய இருக்கிறது. தைவான்காரர்கள் என் சாற்றின் அளவுகளை அப்படியே எடுத்துத் தங்கள் செல்களில் செய்து பார்த்திருந்தார்கள். ஒரு அளவில் என் முடிவு அவர்களுக்கு வரவில்லை, அதையும் எழுதியிருந்தார்கள். விண்ணப்பத்தில் இதைச் சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை. 9 என்றுதான் நிரப்பினேன்.

ஊருக்குப் போனபோது திண்ணையில் அப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். பாக்குவெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப என் பேர்ல இருந்த ஏழும் போச்சாம்மா?"