உயரத்தில் விளைந்த மால்பெக்

சிங்கப்பூரில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில், எதை வாங்கலாம் எதை விடலாம் என்று சுவைத்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. ஆண்டு முழுக்க மாதிரி பாட்டில்கள் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் நான் அதிக ஆவலோடு காத்திருப்பது அர்ஜென்டினாவின் மெண்டோசாவிலிருந்து வரும் பெட்டிகளுக்குத்தான். ஆண்டீஸ் மலையடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் விளைந்த மால்பெக் திராட்சையின் சிவப்பு ஒயின்கள். சில வருடங்களாக ஒரு வழக்கம் பெருகியிருக்கிறது. திராட்சையின் பெயருக்குச் சமமாக உயரத்தையும் லேபிளில் அச்சிடுகிறார்கள்: 1,100 மீட்டர், 1,300 மீட்டர், 1,500 மீட்டர் என்று. வாங்க வருகிறவர்களும் முதலில் அந்த எண்ணைத்தான் தேடுகிறார்கள்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: "அண்ணே, உயரம் கூடக்கூட ஒயினும் நல்லா இருக்கும்னு எடுத்துக்கலாமா?" எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. உயரம் திராட்சைக்குச் சில வேலைகளைச் செய்கிறது. அவை என்ன என்று தெரிந்துகொண்டு, கிளாஸில் இருக்கும் ஒயினில் அவை நடந்திருக்கின்றனவா என்று நாக்கால் தேட வேண்டும். எண்ணைப் பார்த்து மார்க் போடக் கூடாது.

மெண்டோசா உண்மையில் பாலைவனம். ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். ஆண்டீஸ் பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்துதான் அங்கே விவசாயமே நடக்கிறது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அங்கத்துப் பூர்வகுடிகளான உவார்ப்பே மக்கள் அப்படி வாய்க்கால் வைத்திருந்தார்கள். மேகம் குறைவு, வெயிலுக்குப் பஞ்சமில்லை. கீழே சமவெளியில் அந்த வெயில் பழத்தைச் சீக்கிரமாக இனிக்க வைத்துவிடும். சர்க்கரை ஏறும் வேகத்துக்குப் புளிப்பு ஓடிப்போய்விடும். மேலே போகப்போக, நூறு மீட்டருக்கு ஏறத்தாழ 0.6 டிகிரி வீதம் வெப்பம் குறைகிறது. பகலில் அதே வெயில், இரவில் கடுங்குளிர். இரவு குளிர்ந்தால் பழத்தில் உள்ள மாலிக் அமிலம் எரிந்து தீருவது மட்டுப்படும், புளிப்பு தங்கும். இன்னொரு பக்கம், ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. அதிலிருந்து விதையைக் காத்துக்கொள்ள திராட்சை தோலைத் தடிமனாக்குகிறது. நிறமும், டானின் எனப்படும் துவர்ப்பில் ஒரு பங்கும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன.

மால்பெக் பிரான்சின் காவோர் பகுதியில் பேர் பெற்ற திராட்சை. மிஷேல் எமே பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் 1853-ல் மெண்டோசாவில் விவசாயப் பள்ளி தொடங்கியபோது மற்ற கொடிகளோடு அதையும் கொண்டுவந்தார். நூறாண்டுக்கு மேல் அது பெரும்பாலும் தாழ்வான, இதமான இடங்களிலேயே இருந்தது. 1992-ல் நிக்கோலாஸ் கத்தேனா என்ற ஒயின் தயாரிப்பாளர், மெண்டோசாவின் ஊக்கோ பள்ளத்தாக்கில் உள்ள குவால்தஜாரியில் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் அத்ரியானா தோட்டத்தைப் போட்டார். அந்தக் குளிரில் சிவப்புத் திராட்சை பழுக்காது என்று பேசப்பட்ட காலம் அது. பழுத்தது. அப்புறம் எல்லோரும் மலையேற ஆரம்பித்தார்கள்.

இப்போது எங்கள் மேசைக்கு வருகிறேன். காலை பத்து மணிக்குத்தான் சுவைப்போம், அப்போதுதான் நாக்கு விழிப்பாக இருக்கும். அன்று யாரும் சென்ட் போட்டுக்கொண்டு வரக் கூடாது. பாட்டில்களைக் காகிதப் பையில் மறைத்து எண் ஒட்டி, ஒரே மாதிரி கிளாஸ்களில் ஊற்றி வைப்போம். வாயில் சுழற்றித் துப்புவதுதான் முறை. விழுங்கினால் நாலாவது கிளாஸில் தீர்ப்பு தளர்ந்துவிடும். ஒரு முறை முடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதே கிளாஸ்களுக்குத் திரும்புவோம். முடிந்தால் மறுநாளும் பார்ப்போம். முதல் முறையில் சத்தமாகப் பேசிய ஒயின் மறுநாள் வாடிக் கிடப்பதும், ஒதுங்கி நின்றது எழுந்து நிற்பதும் அடிக்கடி நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு அல்தாமிராவும் குவால்தஜாரியும். இரண்டும் ஊக்கோ பள்ளத்தாக்குதான், இரண்டும் மலை ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் விசிறிகள்தான். அல்தாமிரா துனுயான் ஆற்றின் வேலை, குவால்தஜாரி லாஸ் துனாஸ் ஆற்றின் வேலை. அல்தாமிரா கிட்டத்தட்ட 1,100 மீட்டர். குவால்தஜாரி 1,200-ல் தொடங்கி 1,500-ஐயும் தாண்டுகிறது. இரண்டிலும் மண்ணைத் தோண்டினால் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய உருண்டைக் கற்கள் கிடைக்கும்.

அல்தாமிராவின் கிளாஸை எடுத்தால் முதலில் வருவது ஊதாப் பூவின் வாசனை, பின்னாலேயே பழுத்த கருப்பு பிளம். வாயில் நடுப்பகுதி நிறைவாக இருக்கும். துவர்ப்பு உருண்டையாக, நிதானமாக வரும். குவால்தஜாரி அப்படி வரவேற்காது. முதலில் பச்சிலை வாசனை வரும். அந்த மலைச்சரிவு முழுக்கத் தானாக வளரும் ஹரிஜா என்ற புதரின் பிசின் கலந்த வாசனையைச் சொல்வார்கள். கேட்டுவிட்டு முகர்ந்தால் மறுக்க முடியவில்லை. வாயில் வைத்தவுடன் நாக்கின் இரு ஓரங்களிலும் உமிழ்நீர் ஊறும், அது புளிப்பின் வேலை. பிறகு துவர்ப்பு வரும், பொடிப்பொடியாக, ஈறுகளின் மேல் மெல்லியதாகப் படியும். நல்ல நாவல்பழம் தின்ற பிறகு நாக்கு இழுத்துக்கொள்ளுமே, அந்த இழுப்புதான், ஆனால் அதில் கால்வாசி. துப்பிய பிறகும் நெடுநேரம் நிற்கும்.

கல்லின் சுவை வேர் வழியாக ஏறி ஒயினுக்கு வருகிறது என்று விற்பனைப் பேச்சில் சொல்வார்கள். அப்படி நேராக ஏறுவதில்லை. கற்கள் நிறைந்த மண்ணில் தண்ணீர் சட்டென்று வடிந்துவிடுகிறது, கொடி அளவோடுதான் வளர்கிறது, பழம் சிறுத்துப்போகிறது, சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு கூடுகிறது. அந்த வித்தியாசம்தான் வாயில் தெரிகிறது. குவால்தஜாரியில் சில மீட்டர் இடைவெளியில் கல்லின் ஆழமே மாறுகிறது. பக்கத்துப் பக்கத்து வரிசைகளைத் தனித்தனியாகப் பறித்து, தனித்தனி ஒயினாக்குகிறவர்கள் இருப்பது அதனால்தான். ஒரே உயரம், வேறு வேறு ஒயின். தம்பியின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஆண்டும் பெரிய விஷயம். 2016 மெண்டோசாவில் குளிர்ச்சியான, மழை மிகுந்த ஆண்டு. 2020 வெப்பமான ஆண்டு, அறுவடையை முன்னதாகவே முடித்தார்கள். குவால்தஜாரியில் ஒரே தோட்டத்தின் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது 2020 அடர்த்தியாக, மென்மையாக, சுவைத்தவுடன் பிடித்துப்போகும்படி இருந்தது. குழுவில் பாதிப்பேர் அதற்குத்தான் கை தூக்கினார்கள். 2016 ஒல்லியாக இருந்தது. ஆனால் அதில் ஒரு விறைப்பு இருந்தது. பழம், புளிப்பு, துவர்ப்பு மூன்றும் தனித்தனியாகத் தெரிந்து கடைசியில் ஒன்றுசேர்ந்தன. மறுநாள் மீதிப் பாட்டிலைத் திறந்தபோது அது இன்னும் விரிந்திருந்தது. மலை என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் அந்த 2016-ஐத்தான் ஊற்றிக் காட்டுவேன்.

மலை ஒயின் என்றால் கருகருவென்று இருக்க வேண்டும் என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. அதற்காகவே மால்பெக் வரிசைக்கு நடுவே சிசிலித் தீவின் எட்னா எரிமலையிலிருந்து ஒரு நெரெல்லோ மஸ்கலேசேயை வைப்பேன். எட்னாவின் வடக்குச் சரிவில் 600 மீட்டரிலிருந்து ஆயிரத்தை ஒட்டிய உயரம் வரை விளையும் திராட்சை அது, அக்டோபரில்தான் பறிப்பார்கள். மண் கருப்பு, ஒயினோ வெளிர் சிவப்பு; கிளாஸுக்குப் பின்னால் விரலைப் பிடித்தால் தெரியும். நிறத்தைப் பார்த்து இது லேசான சரக்கு என்று நினைத்தவர்கள் வாயில் வைத்ததும் நிமிர்ந்து உட்கார்வார்கள். அவ்வளவு புளிப்பு, அவ்வளவு துவர்ப்பு. நிறம் திராட்சை இனத்தோடு வருவது. மலை கொடுப்பது நாக்கின் ஓரங்களிலும் ஈறுகளிலும் தெரிகிறது. எட்னாவில் தோட்டப் பகுதியைக் கொன்த்ராதா என்கிறார்கள். வெவ்வேறு காலத்தில் ஓடிய எரிமலைக் குழம்பின் மேல் அவை அமைந்திருப்பதால் பக்கத்துப் பகுதியின் மண்ணுக்கும் இதற்கும் வயதே வேறு. அங்கேயும் உயரத்தை மட்டும் சொன்னால் யாரும் தலையாட்ட மாட்டார்கள்.

எண்ணில் போட்டி போடுவதென்றால் மெண்டோசாவே தோற்றுவிடும். வடக்கே சால்தா மாநிலத்தில் கொலோமே நிறுவனத்தின் அல்துரா மாக்சிமா தோட்டம் 3,111 மீட்டரில் இருக்கிறது. அவ்வளவு உயரத்திலும் விளைய வைக்கும் உழைப்பு எனக்கு மரியாதைக்குரியது. ஆனால் சால்தா பூமத்திய ரேகைக்கு இன்னும் நெருக்கம். அதே குளிர்ச்சி வேண்டுமென்றால் அங்கே அதிக உயரம் ஏறித்தான் ஆக வேண்டும். இரண்டு மாநிலங்களின் மீட்டர் கணக்கை ஒரே தராசில் வைப்பதில் அர்த்தமில்லை.

இப்போது எங்கள் சுவைப்புத் தாளில் உயரம் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. பையைப் பிரித்த பிறகுதான் அதை நிரப்புகிறோம். அல்தாமிராவை உணவகங்களுக்கு நிறையவே எடுத்தோம். ஆட்டிறைச்சியோடு அது எளிதாகப் பொருந்துகிறது, விளக்கம் தேவைப்படாத ஒயின். குவால்தஜாரி 2016 கிடைத்தது கொஞ்சம்தான், அதை இன்னும் சில ஆண்டு வைத்திருக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்கிறோம். இரண்டுக்கும் ஒரே நிபந்தனை, 16 அல்லது 17 டிகிரியில் பரிமாற வேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் கொடுப்பது என்ற பழைய வழக்கம் ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்கு உரியது. சிங்கப்பூர் அறை ஏசி போட்டும் பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறி, மலை பாடுபட்டுக் காத்த புளிப்பு மறைந்துவிடும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். உணவகப் பணியாளர்களுக்கு இதை ஊற்றிக் காட்டிய பிறகுதான் பெட்டிகளை இறக்குகிறோம்.