அத்தை கேட்ட கேள்வி

கடலூரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் பதினாறு ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியை. கூடவே மறைக்கல்வியும் எடுக்கிறேன். முதல் மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் என் அறைக்கு வருவார்கள், மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். மறைக்கல்விக்கும் தேர்வு உண்டு, பரிசு உண்டு. அதனால் நானும் அதை வாய்ப்பாடு போலவே சொல்லிக்கொடுத்து வந்தேன். வீரமாமுனிவர் எழுதிய தேம்பாவணியில் எத்தனை பாடல்? 3615. எத்தனை படலம்? 36. போர்த்துகலிலிருந்து வந்த புனிதர் அருளானந்தர் கொல்லப்பட்டது எப்போது? 1693 பிப்ரவரி 4. எங்கே? ஓரியூரில். அவர் இரத்தம் சிந்திய மண் என்ன ஆயிற்று? சிவந்தது.

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "எவ்வளவு சிவப்பு டீச்சர்? செங்கல் மாதிரியா, மாதுளை மாதிரியா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நான் ஓரியூருக்குப் போனதே இல்லை. வேளாங்கண்ணிக்கு ஆண்டுதோறும் போகிறோம், வில்லியனூர் மாதா திருவிழாவுக்கு பஸ் பிடித்துப் போய் வருகிறோம். ஆனால் பதினாறு ஆண்டுகளாக நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஊர்களை என் கண்ணால் பார்க்கவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மே மாத விடுமுறையில் வேன் பேசினோம். என் கணவர், ஒன்பதாம் வகுப்பு முடித்த மகன், நான்காவது படிக்கும் மகள், எழுபத்து நான்கு வயது அத்தை, நான். ஓட்டுநர் முதுநகர்த் தம்பி. விடியற்காலையில் கிளம்பி வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் தாண்டியபோது வெயில் ஏறிவிட்டது.

கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயத்தில் மாதா சேலை உடுத்தி நிற்கிறார். உள்ளே வந்த ஓட்டுநர்த் தம்பி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கூப்பினார். பிறகு என்னிடம், "விருத்தாசலம் கோயில் அம்மனுக்கும் பெரியநாயகி என்றுதானே டீச்சர் பெயர்?" என்றார். ஆம், விருத்தகிரீசுவரர் கோயில் அம்மனை அப்படியும் அழைக்கிறார்கள். இத்தாலியில் 1680இல் பிறந்து இங்கே வந்த ஒரு துறவி, இந்த மண்ணில் மக்கள் தாயை எந்தப் பெயரால் கூப்பிட்டார்களோ அந்தப் பெயராலேயே தன் தாயையும் கூப்பிட்டிருக்கிறார். ஒரு மதிப்பெண் வினாவாக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த ஊர் அது.

அன்று மாலை கொள்ளிடக் கரைப் பக்கம் ஏலாக்குறிச்சி. திருக்காவலூர் என்று வீரமாமுனிவர் பாடிய ஊர். அடைக்கல அன்னை முன் செபமாலை சொல்லிவிட்டு இரவு தஞ்சாவூரில் தங்கினோம்.

மறுநாள் ஓரியூர். வண்டியை விட்டு இறங்கியதும் மகன் மண்ணைத்தான் தேடினான். அள்ளிப் பார்த்தோம். பொடியாக, கொஞ்சம் மங்கிய செம்மை. "அம்மா, தேரிக்காட்டு மண்ணும் சிவப்புதானே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். இதை அருளானந்தரின் இரத்தத்தின் நிறமாக மக்கள் நெஞ்சில் ஏந்தி வருகிறார்கள், நோய்க்கு மருந்தென்று வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். அதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லலாம். "சிவந்தது" என்று ஒற்றைச் சொல்லில் எழுதவைத்து மதிப்பெண் போட இனி எனக்கு மனம் வராது.

வேப்பமர நிழலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை சொன்னேன். வகுப்பில் சொல்வது போலவேதான். லிஸ்பனில் அரண்மனையில் வளர்ந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காவி உடுத்தி மறவர் சீமைக்கு வந்தார். அந்தச் சீமைத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் கடும் நோயில் கிடந்தார். நற்செய்தி வாசித்துச் செபித்தபோது குணமானார். ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவியோடு வாழவேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அவர்களில் ஒருத்தி மறவர் சீமை மன்னன் கிழவன் சேதுபதிக்கு உறவு. அவள் மன்னனிடம் போய்க் கோள் சொன்னாள்...

"கோள் எங்கே சொன்னாள்?" என்றார் அத்தை.

அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே நான் நினைக்கவில்லை. காலை நீட்டி, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டியவன் வெளியே அனுப்பிவிட்டான். பிறந்த வீட்டுப் பெரியவரிடம் போய் நின்றாள். அதற்குப் பெயர் முறையிட்டாள். கோள் இல்லை." பிறகு கேட்டார்: "மற்றவர்கள் எங்கே போனார்கள்?"

எனக்குப் பதில் இல்லை.

அத்தையின் பிறந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். அவருடைய பெரியம்மாவைக் கணவர் பிள்ளை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். சாகும்வரை அண்ணன் வீட்டுத் திண்ணையில் இருந்து முந்திரிக்கொட்டை உடைத்தே பிழைத்தார். கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து கறுத்திருக்குமாம். அந்த விரலால்தான் சிறுமியாக இருந்த அத்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டுவார். "என் வாயில் இன்னும் அந்தக் கசப்பு இருக்கிறதம்மா" என்றார். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பத்தொன்பது ஆண்டுகளாகின்றன. அந்தப் பெரியம்மாவைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அருளானந்தர்மீது அத்தைக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. என் தோளைப் பிடித்து எழுந்து போய்த் திருத்தலத்தில் முழந்தாளிட்டார். ஒரு பிடி மண்ணை நெற்றியில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். இரண்டு மெழுகுதிரி வாங்கினார். ஒன்று புனிதருக்கு. "இது அந்தப் பெண்களுக்கு" என்று இரண்டாவதை ஏற்றினார். "பெயர் நமக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்."

திரும்பும் வழியில் வேளாங்கண்ணியில் ஒரு நாள். பிள்ளைகள் கடலைவிட்டு வரவில்லை. வீரமாமுனிவர் இறந்ததும் பிப்ரவரி 4தான், 1747இல், என்று வண்டியில் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் தூங்கிப்போனாள். நாகப்பட்டினம், காரைக்கால் எல்லாம் இருட்டில் கடந்தன.

ஜூனில் பள்ளி திறந்ததும் பழைய தைல டப்பா ஒன்றில் அந்த மண்ணை எடுத்துப் போனேன். போன ஆண்டு கேட்ட பெண்ணை மதிய இடைவேளையில் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தொட்டாள். சன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். "செங்கலும் இல்லை, மாதுளையும் இல்லை டீச்சர். எங்கள் வீட்டு மீன்சட்டி நிறம்" என்றாள்.

இந்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கு அதே பாடத்தை எடுத்தேன். கோள் சொன்னாள் என்ற இடத்தில் முறையிட்டாள் என்றேன். பிறகு அத்தையின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். பாடப்புத்தகத்தில் அதற்கு விடை இல்லை என்பதைச் சொல்லிவிட்டேன். சிலர் புத்தகத்தை நம்பாமல் புரட்டிப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண், கோயிலுக்குத் தாயோடு மட்டுமே வருகிறவள், உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அம்மா வீட்டுக்குத்தான் போயிருப்பார்கள் டீச்சர். வேறு எங்கே போவார்கள்?"

பாடக்குறிப்பேட்டில் அந்தப் பாடத்துக்குக் கீழே அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.