பாதியாக இல்லாத ஆஃப் பிளேட்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய ஸ்டூடியோ பரணில் கிடக்கும் தேக்குமரக் கேமராவைத் துடைத்து மறுபடி படம் எடுக்க நினைப்பவர்கள், ஃபிலிம் வாங்கும் முன் பிளேட் ஹோல்டரின், அதாவது படம் பதியும் கண்ணாடித் தகட்டை (பிளேட்) வைக்கும் சட்டத்தின், உள்ளளவை அளந்துவிடுங்கள். இந்தக் கேமராக்களில் பல ஆஃப் பிளேட், அதாவது 4¾ × 6½ அங்குலம். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 4×5, 5×7, 8×10 ஃபிலிம் எதுவும் அதில் அப்படியே உட்காராது.

அளவின் வேர் 1839இல் இருக்கிறது. புகைப்படக் கலையின் முன்னோடியான பிரெஞ்சுக்காரர் டாகேர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டுக்கு வைத்த அளவு 6½ × 8½ அங்குலம். அதுதான் ஃபுல் பிளேட். இரண்டு பக்கத்தையும் பாதியாக்கினால் 3¼ × 4¼, குவார்ட்டர் பிளேட், கணக்குச் சரி. நீளப் பக்கத்தை மட்டும் பாதியாக்கினால் ஆஃப் பிளேட் 4¼ × 6½ என்றுதான் வரவேண்டும். ஆனால் பிரிட்டிஷ் ஆஃப் பிளேட் அரை அங்குலம் அகலம் கூடுதல். பெயரை நம்பி வெட்டினால் ஃபிலிம் வீண்.

அன்று படத்தைப் பெரிதாக்கும் வழக்கம் இல்லை. நெகட்டிவ் மேல் காகிதத்தை அழுத்தி வெயிலில் காட்டினார்கள். பிளேட் என்ன அளவோ படமும் அதே அளவு. ஆளுக்கொரு அளவு வந்ததன் காரணம் இதுதான்.

கண்ணாடிப் பிளேட் போய் ஃபிலிம் வந்தபோது ஹோல்டரை யாரும் தூக்கி எறியவில்லை. ஓரம் மடித்த மெல்லிய தகரத்தில், ஷீத் என்பார்கள், ஃபிலிமைச் செருகி பிளேட் இருந்த இடத்தில் வைத்தார்கள். அந்த மடிப்புக்கு இடம் விட வேண்டுமே! அதனால்தான் 4×5 ஃபிலிமை இன்று அளந்தாலும் 4×5 இருக்காது. சுமார் 100 × 125 மி.மீ.தான். ஆஃப் பிளேட் ஷீத்துக்கு 119 × 163 மி.மீ. வெட்டுங்கள். முதலில் அட்டையில் வெட்டிச் செருகிப் பாருங்கள். ஷீத் இல்லாவிட்டால் பழைய பிளேட்டின் கனத்தில் கண்ணாடி வெட்டி, ஃபிலிமை நான்கு மூலையிலும் இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். வெறும் ஃபிலிமாக வைத்தால் அது பின்னால் தள்ளியும் வளைந்தும் நிற்கும், ஃபோகஸ் தவறும்.

கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது எக்ஸ்ரே ஃபிலிம். 8×10 ஒன்றைக் குறுக்கே வெட்டி ஓரம் சீவினால் இரண்டு ஆஃப் பிளேட். சிவப்பு வெளிச்சம் அதற்குச் செய்யும் தீங்கு குறைவு என்பதால் பார்த்துக்கொண்டே வெட்டலாம். ஆனால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது படம் பதியும் பூச்சு, இருக்கும். டிரேயின் அடியில் உரசினால் கீறல் நிச்சயம். வழவழப்பான கண்ணாடி ஒன்றை டிரேக்குள் போட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஃபிலிம் கழுவுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் டேங்க் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போகும், எமல்ஷன் இளகும். டெவலப்பர் (படத்தைத் தெரியவைக்கும் மருந்து) டிரேயை ஐஸ் போட்ட பெரிய டிரேக்குள் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். போர்த் தண்ணீரின் உப்பு காய்ந்தால் வெள்ளைத் திட்டாகப் படியும். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்.