பத்து நாள் குளிர்

"மனே, நீங்கள் காஸ் அடித்துப் பத்து நாள்தான் குளிர்ந்தது" என்று அந்த அம்மா சொன்னபோது குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். மட்டக்களப்பில், கல்லடியில் அவருடைய வீடு. ஐஸ் பக்கட் செய்து பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு விற்பார். மகளின் ரியூசன் காசு அந்தப் பிரீசரில் இருந்துதான் வந்தது. அதைத் திறந்து ஒரு பக்கட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மேலே மெல்லிய ஐஸ் தோல். விரலால் அழுத்தியதும் உள்ளே சிவப்புத் தண்ணீர் குலுங்கியது.

அப்போது நான் பிரிட்ஜ் திருத்தும் தொழிலுக்கு வந்து நான்கு வருடம். முதல் தடவை அவர் கூப்பிட்டபோது கீழ்த்தட்டில் பால் திரைந்திருந்தது, மேலே ஐஸ் கட்டவில்லை, கொம்பிரசரோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "காஸ் போய்விட்டது அம்மா" என்றேன். பெட்டியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய், ஒரு பகல் ஓர் இரவு வைத்திருந்து, பழைய காஸை வெளியேற்றிப் புதிதாக அடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். நன்றாகக் குளிர்ந்தது. நூறு ரூபாய்த் தாள்களும் சில்லறையுமாக எண்ணித் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் தடவை காஸ் சிலிண்டரை எடுத்துப் போகவில்லை. பிரீசருக்குள் இருந்ததையெல்லாம் எடுத்துச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, உள்ளே பின்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் பலகையின் திருகாணிகளைக் கழற்றினேன். பலகை வரவில்லை. பின்னால் இருந்து ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. சுடுதண்ணீரில் நனைத்த துணியை வைத்து வைத்து, அரை மணிநேரம் கழித்துத்தான் அசைந்தது. கழன்றதும் கண்ணுக்குத் தெரிந்தது குளிர்க்குழாய்கள் அல்ல, ஒரு வெள்ளைச் சுவர். குழாய்களுக்கு இடையில் விரல் நுழைய இடமில்லாமல் உறைபனி இறுகிக் கிடந்தது. மேலே சின்ன விசிறியின் இதழ் நுனிகள் ஐஸில் உரசித் தேய்ந்திருந்தன.

தானாக ஐஸ் உருக்கும் இந்த வகைப் பெட்டியில் குளிர் பிறக்கும் இடம் ஒன்று, குளிர வேண்டிய இடம் வேறு. குழாய்களின் குளிரை விசிறிதான் பிரீசருக்கும் கீழ்த்தட்டுக்கும் ஊதிக் கொடுக்கிறது. காற்றில் உள்ள ஈரம் குழாயில் உறையும். அதை நாள்தோறும் உருக்கிவிட வேண்டும். அதற்காகத்தான் டைமர். கொம்பிரசர் எட்டுப் பத்து மணிநேரம் ஓடியதும் டைமர் அதை நிறுத்திவிட்டு, குழாய்களுக்கு அடியில் கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் ஹீற்றருக்கு மின்சாரத்தைத் திருப்பும். உறைபனி உருகிப் பின்பக்கத் தட்டில் வடியும். ஹீற்றர் எரிந்துபோனால் உருக்க ஆளில்லை. வெண்மை நாளுக்கு நாள் தடித்துக் காற்றின் வழியை அடைத்துவிடும். முதலில் கீழ்த்தட்டுச் சூடாகும், பிறகு பிரீசரும் தளரும். கொம்பிரசரும் காஸும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும்.

ஹீற்றரின் இரு முனையிலும் மீற்றரை வைத்தேன். இருநூறு, முந்நூறு ஓம் காட்ட வேண்டிய முள் அசையவே இல்லை; ஹீற்றர் எரிந்துபோயிருந்தது. கண்ணாடியின் ஓர் ஓரம் கறுத்திருந்தது. பத்து நாள் கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பெட்டி குளிர்ந்தது நான் காஸ் அடித்ததால் அல்ல. என் கடையில் ஓர் இரவு முழுவதும் மின்சாரம் இல்லாமல் நின்றதால் உள்ளே இருந்த ஐஸ் தானாக உருகியிருக்கிறது. வழி திறந்தது, குளிர்ந்தது. மறுபடி ஐஸ் அடைக்கப் பத்து நாள் பிடித்திருக்கிறது. வீட்டிலேயே கதவைத் திறந்து வைத்து ஒரு நாள் நிறுத்தியிருந்தாலும் இதே பத்து நாள் குளிர் காசில்லாமல் கிடைத்திருக்கும்.

ஹீற்றரை மாற்றினேன். பழைய காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார். "நீங்களும் பாடுபட்டுத்தானே மனே" என்றார். மகளின் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆனால் அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. பலகையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: "நான் முதலே சொன்னேனே, குளிர் குறைவதற்கு இரண்டு நாள் முன்னால் உள்ளே கிளி கொத்துவது போல ஒரு சத்தம் கேட்டது என்று." உண்மை. சொல்லியிருந்தார். விசிறி இதழ் ஐஸில் தட்டும் சத்தம் அது. நோயின் பெயரையே அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் காஸ் சிலிண்டரை நினைத்துக்கொண்டு தலையை ஆட்டியிருக்கிறேன்.

காஸ் தீர்ந்துபோகும் என்று நம் ஊரில் பலரும் நம்புகிறார்கள். அடுப்புக் காஸ் தீர்கிறது, ஆகவே பிரிட்ஜ் காஸும் தீரும் என்ற எண்ணம். அது எரிவதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ஓட்டை இல்லாமல் குறையாது. ஓட்டையைத் தேடி அடைக்காமல் காஸ் மட்டும் அடிப்பவர் உங்கள் காசைக் காற்றில் விடுகிறார் என்றே சொல்வேன். காஸ் குறைந்த பெட்டி பார்த்தாலே தெரியும்: குழாய்களின் தொடக்கத்தில் இரண்டொரு வளைவு மட்டும் வெளுத்து, மீதி வெறுமையாக இருக்கும். அம்மா வீட்டில் அடி முதல் நுனி வரை வெண்மை. இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் ஆர் 600ஏ என்ற ஐசோபியூட்டேன். நூறு கிராமுக்கும் குறைவான அளவு, தராசில் நிறுத்துத்தான் அடிக்க வேண்டும். தீப்பற்றக்கூடியது. அதைக் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் அடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஓட்டை விழுவதும் உண்டு. நாவலடி, கல்லடி போன்ற கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று மூட்டுகளை அரிக்கும். ஒற்றைக் கதவுப் பெட்டியில் கட்டிய ஐஸைக் கத்தியால் குத்தி அலுமினியத் தகட்டில் துளை போட்டுவிட்டுக் கூப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். அதற்கு நல்ல வைத்தியம் கிடையாது. தயவுசெய்து கத்தி வைக்காதீர்கள்.

மற்றவை பெரும்பாலும் வீட்டைப் பார்த்தாலே தெரிபவை. கதவு றப்பர் தளர்ந்திருந்தால் இருபது ரூபாய்த் தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்க்கலாம். தடையில்லாமல் வந்தால் குளிர் அந்த வழியால் போகிறது. மீன் மலிந்த நாளில் வாங்கிய சூரையை ஒரே தடவையில் பிரீசர் நிறைய அடைத்து, காற்று வரும் வாயைப் பொதியால் மூடிவிடுவார்கள். சூடான கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், மூன்று பக்கமும் சுவரும் அலுமாரியுமாக நெருக்கிய மூலையில் பெட்டி நின்றால் பக்கச் சூடு போக இடமில்லை. லேபலில் 'டி' (T) என்று இருந்தால் சுற்றிலும் 43 பாகை வெப்பம் வரை தாங்கும். 'என்' (N) என்றால் 32 தான். அந்த எழுத்தைப் பார்த்து வாங்கியவர்கள் மிகக் குறைவு.

இன்னொன்று மின்சாரம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வீட்டுக்குப் போகக் கருவிப் பெட்டியோடு மண்முனையில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறிய காலம் உண்டு. 2014இல் பாலம் திறந்த பிறகு பதினைந்து நிமிடப் பயணமாகிவிட்டது. அந்த வீட்டில் பகலில் குறை எதுவும் காண முடியவில்லை. இரவு எட்டு மணிவரை காத்திருந்தேன். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மீற்றர் 174 காட்டியது. கொம்பிரசர் உறுமும், கிளம்பாது, 'டிக்' என்று நிற்கும், மறுபடி உறுமும். இரவு முழுவதும் இப்படியே. வயர் வரிசையின் கடைசி வீடு அது. பகலில் போயிருந்த இருவர் கொம்பிரசரையே மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

இப்போது யார் கூப்பிட்டாலும் பத்து நிமிடம் கேள்விதான் கேட்பேன். முதலில் மேலே குறைந்ததா, கீழே குறைந்ததா? எந்த நேரத்தில்? அண்மையில் இடம் மாற்றினீர்களா? நிறுத்தி வைத்த பிறகு சில நாள் நன்றாக இருந்ததா? பிரீசருக்குள் ஒரு வெப்பமானியை இரவு முழுக்க வைத்துக் காலையில் சொல்லச் சொல்வேன். கழித்தல் 18 பாகைக்கு அருகில் இருந்தால் காஸிலும் கொம்பிரசரிலும் பெரும்பாலும் குறையில்லை.

போன கிழமை கொக்கட்டிச்சோலையில் இருந்து ஒரு தம்பி பேசினார். "காஸ் முடிந்துவிட்டது அண்ணன், எவ்வளவு வரும்?" என்றார். பிரீசர் கதவைத் திறந்து, கதவு திறந்ததும் விசிறியை நிறுத்திவிடும் ஓரத்துச் சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டு காதை உள்ளே வைக்கச் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவருடைய அம்மாவின் குரல் தூரத்தில் கேட்டது: "மூன்று நாளாக டக் டக் என்று ஒரு சத்தம் வந்ததே, அதைச் சொன்னாயா?"

"போனை அம்மாவிடம் கொடுங்கள் தம்பி" என்றேன்.