இறுதியாண்டுக் கச்சேரித் தேர்வு: 60 நிமிடத்தை எப்படிப் பாடி முடிப்பது?

கர்நாடக இசைப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில், வயலின், மிருதங்கத்தோடு மேடையேறிப் பாடும் கச்சேரித் தேர்வுக்கு 60 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். குரல் கட்டியதால் மதிப்பெண் போனவர்களைவிட, நேரத்தைத் தப்பாகப் பங்கிட்டும் தாளத்தை நழுவவிட்டும் இழந்தவர்கள்தான் அதிகம். இரண்டையும் தேர்வுக்கு முன்பே சரிசெய்துவிடலாம்.

இன்று மேடையில் கேட்கும் கச்சேரி அமைப்புக்குப் பெரும்பாலும் வழி வகுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). அந்த அமைப்பில் உள்ள அத்தனையையும் ஒரு மணி நேரத்துக்குள் திணிக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு. எட்டு உருப்படி (பாட்டு) எழுதிக்கொண்டு போனால் எதிலுமே மனோதர்மம், அதாவது அந்த நேரத்துக் கற்பனை, காட்ட இடம் இருக்காது. ஐந்து போதும். வர்ணம் (கச்சேரியின் தொடக்க உருப்படி) 5 நிமிடம், சுருக்கமான ஸ்வரத்தோடு (ச ரி க ம என்று கற்பனையாகப் பாடுவது) ஒரு கீர்த்தனை 8, விறுவிறுப்பான சின்ன உருப்படி 4, பிரதான உருப்படி 34, கடைசியில் ஒரு துக்கடா (சின்ன, எளிய பாட்டு) 4. கூட்டினால் 55. மீதி ஐந்து நிமிடம் சுருதி சேர்ப்பதிலும் உருப்படிகளுக்கு நடுவே மூச்சு வாங்குவதிலும் தானாகவே கரைந்துவிடும்.

பிரதான உருப்படியின் 34 நிமிடத்தையும் பிரித்து எழுதிவையுங்கள்: ஆலாபனை (சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிப்பது) 7, அதற்கு வயலினின் பதில் 4, கீர்த்தனை 9, நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) 3, ஸ்வரம் 5, தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மட்டும் வாசிப்பது) 6. ஆலாபனைதான் பெரும்பாலும் மீறும். தார ஸ்தாயிக்கு (மேல் ஸ்தாயிக்கு) போனவுடன் இறங்கி வர மனசு வராது. முதல் பிடியிலேயே ராகம் தெரிந்துவிட வேண்டும். கீழிருந்து மத்திய பஞ்சமம் வரை மூன்று நிமிடம், தார ஷட்ஜத்தைச் சுற்றி இரண்டரை நிமிடம், பிருகாவுக்கு (வேகமாக உருளும் ஸ்வரக் கோவைகளுக்கு) ஒரு நிமிடம், அரை நிமிடத்தில் இறங்கி முடிப்பு என்று பழகினால் கடிகாரம் பார்க்கவே வேண்டாம்.

ராகத் தேர்வில் கவனம் தேவை. சங்கராபரணமும் (29ஆவது மேளகர்த்தா ராகம்) கல்யாணியும் (65ஆவது) மத்யமத்தில், அதாவது ‘ம’ ஸ்வரத்தில், மட்டும் வேறுபடுபவை: முன்னதில் சுத்த மத்யமம், பின்னதில் பிரதி மத்யமம். ஒன்றை முடித்த கையோடு மற்றதை எடுத்தால் பழைய மத்யமம் வாயில் ஒட்டிக்கொண்டு வரும், பதற்றத்தில் இன்னும் சீக்கிரம் வரும். சுத்த மத்யம ராகத்துக்கும் பிரதி மத்யம ராகத்துக்கும் நடுவே வேறு நிறமுள்ள ஒரு ராகத்தை வையுங்கள். தாளமும் எல்லாம் ஆதியாக இருக்க வேண்டாம். ஒரு ரூபகம், ஒரு மிஸ்ர சாபு இருந்தால் உங்கள் லயம் தேர்வாளருக்குத் தெரியும். துக்கடாவுக்கு மத்யம சுருதிப் பாட்டை (‘ம’வையே ‘ச’வாக வைத்துப் பாடுவதை) மட்டும் தவிர்த்துவிடுங்கள். தம்புராவை மாற்றி, வயலினும் மிருதங்கமும் மறுபடி சேர்ப்பதற்குள் அந்த நாலு நிமிடமும் போய்விடும்.

வர்ணத்தில் காலப்பிரமாணத்தை (வேகத்தை) தப்பாகப் பிடிப்பது அடிக்கடி நடப்பது. முதல் காலத்தை உற்சாகமாக எடுத்துவிட்டு, அதன் இருமடங்கு வேகமான இரண்டாம் காலத்தில் ஸ்வரங்களைக் கடித்து விழுங்குவார்கள். பாட ஆரம்பிக்கும் முன் சரணத்தின் கடினமான ஸ்வரத்தை இரண்டாம் காலத்தில் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அது தெளிவாக வரும் வேகத்தில் பாதிதான் உங்கள் முதல் காலம்.

நிரவலுக்கு எடுக்கும் வரி பொருள் முடிந்த வரியாக இருக்கட்டும். சொல்லை நடுவில் வெட்டினால் அர்த்தம் கெடும். வரி எந்த இடத்தில் தொடங்குகிறதோ, ஒவ்வொரு சுற்றும் அங்கேயே வந்து சேர வேண்டும்.

ஸ்வரத்தின் தீர்மானம்தான் (மூன்று முறை பாடி முடிக்கும் கணக்கு) பலருக்குச் சறுக்கும் இடம். ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஆறு மாத்திரையில் ஒரு பிடி (ஸ்வரத் தொடர்), இரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி), இப்படி மூன்று முறை: 6+2+6+2+6 = 22. ஒரு களை ஆதி தாளத்தில், சதுஸ்ர நடையில் (எட்டு எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் நாலு மாத்திரை), ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, 32 மாத்திரை; கை தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று தொடங்கும். பாட்டு சமத்தில் (சுற்றின் முதல் தட்டில்) எடுப்பு என்றால் பத்து மாத்திரை கழித்து, அதாவது மோதிரவிரல் எண்ணிக்கையின் பாதியில், தொடங்க வேண்டும். அதே கணக்கு, பாட்டு அரை இடத்தில் (சமத்துக்கு இரண்டு மாத்திரை கழித்து) எடுப்பு என்றால், முடிய வேண்டிய இடம் 34. அப்போது 12 மாத்திரை கழித்து, நடுவிரல் வைக்கும்போதே தொடங்க வேண்டும். சமத்துக்கு மனப்பாடம் செய்த தீர்மானத்தை அரை இடப் பாட்டில் போட்டால் இரண்டு மாத்திரை முன்னாலேயே முடிந்து, மிச்சம் வெறுமையாகத் தொங்கும். அதனால் கணக்கோடு சேர்த்து, கை எந்த விரலில் இருக்கும்போது தொடங்குகிறது என்பதையும் பழகுங்கள்.

பக்கவாத்தியக்காரர்களை அழைக்கும்போதே உங்கள் சுருதி எத்தனை கட்டை (சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) என்று சொல்லிவிடுங்கள். ஐந்தரைக் கட்டைக்கும் ஒரு கட்டைக்கும் ஒரே மிருதங்கம் ஒத்துவராது. குறைந்தது இரண்டு ஒத்திகை வேண்டும், அதில் ஒன்றாவது கடிகாரம் வைத்து, நிறுத்தாமல். தேர்வன்று மிருதங்கத்தை அரை மணி நேரம் முன்பே அரங்குக்குள் வைத்துவிடுங்கள். குளிர்சாதன அறையின் வறண்ட காற்றில் தோல் இறுகி சுருதி ஏறும், தொப்பியில் (மிருதங்கத்தின் இடப் பக்கத்தில்) அப்பிய ரவையும் சீக்கிரம் காயும். மேடையில் உங்கள் பக்க ஒலிபெருக்கியில் தம்புராதான் தூக்கலாகக் கேட்க வேண்டும். வயலின் அதிகமானால் உங்களை அறியாமலே அதோடு போட்டி போட்டுக் கத்துவீர்கள்.

சாகித்யம் (பாட்டின் வரிகள்) மறந்தால் தாளம் போடும் கை நிற்கக் கூடாது. முந்தைய சங்கதியையே (வரியின் இசை மாறுபாட்டையே) இன்னொரு முறை பாடுங்கள், அடுத்த வரி பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும்.

தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் ஓய்வெடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தேர்வாளரின் கண் அப்போது உங்கள் கையில்தான் இருக்கும். மிருதங்கக்காரர் கண்டத்துக்கு நடை மாற்றினால், அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) நாலுக்குப் பதில் ஐந்து மாத்திரை வரும், ஆனால் தட்டின் இடைவெளி அதேதான். மிருதங்கச் சொல்லைக் காதால் துரத்திக்கொண்டு போனால் கை தானாக இழுபடும். உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு, கையை மிருதங்கக்காரருக்குத் தெரியும்படி தொடையில் வைத்துப் போடுங்கள். கோர்வை (தனியை முடிக்கும் கணக்கு) மூன்று முறை வரும் என்று முன்பே பேசிவைத்திருந்தால், மூன்றாவது முடியும் இடத்தில் பல்லவியை எடுக்க மூச்சு தயாராக இருக்கும்.