இடம்புரி நட்டு

சங்கில் அரிதாகக் கிடைப்பது வலம்புரி. அப்பாவின் 1974 மாடல் புல்லட்டுக்காக நான் மூன்று மாதம் அலைந்ததோ ஓர் இடம்புரிக்காக.

புல்லட் இன்ஜினின் பக்க மூடியான டைமிங் கவரைக் கழற்றினால், பிஸ்டனால் சுழலும் தண்டான கிராங்கின் நுனியில் வார்ம் நட்டு தெரியும். டைமிங் பினியன் என்னும் சிறு பல்சக்கரத்தை இறுக்கிப் பிடிப்பதும் அதுதான். தன் மேல் இருக்கும் புரிப்பற்களால் ஆயில் பம்பை ஓட்டும் தண்டான ஸ்பிண்டிலைச் சுழற்றுவதும் அதுதான். அதற்கு இடது மரை. மற்ற நட்டுகளைப் போல இடமாகத் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். எப்போதோ எங்கள் வண்டியைப் பிரித்த ஒரு மெக்கானிக்குக்கு இது தெரிந்திருக்கவில்லை. உளியை வைத்து அடித்திருக்கிறார். இரண்டு முனைகள் மழுங்கி, ஒரு பல் நசுங்கிப் போயிருந்தது. அந்தப் பல் ஸ்பிண்டிலையும் அரித்திருந்தது.

"புல்லட்டுக்கா பாகம் கிடைக்காது?" என்பார் பழைய யெஸ்டி பைக் வைத்திருக்கும் என் மைத்துனர். அவர் வண்டியைச் செய்த மைசூர் ஆலை 1996இல் மூடப்பட்டது. அவருடைய வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய புல்லட்டின் வார்ப்பிரும்பு இன்ஜின் அடிப்படை மாறாமல் அரை நூற்றாண்டு வந்தது. பாகங்கள் எங்கும் கிடைக்கும். தொல்லையே அதில்தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கிய புது நட்டு மூன்று சுற்றிலேயே சிக்கி நின்றது. வேறு கடையில் வாங்கியது முழுதாக ஏறியது, ஆனால் கிராங்கைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடித்தது. பல்லில் விரலை ஓட்டிப் பார்த்தேன். அரம் போல் சொரசொரத்தது.

 

கடைசியில், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. ஒரு பெரியவர் கடையில், கனெக்டிங் ராடு முறிந்த பழைய கிராங்க் ஒன்று கிடந்தது. நுனியில் நட்டு, உளி படாமல்.

"நட்டு மட்டும் தர மாட்டேன். கிராங்கோடு எடுத்துக்கொள்."

"ராடு முறிந்த கிராங்கை வைத்து நான் என்ன செய்வது, ஐயா?"

அவர் பதில் சொல்லவில்லை. கிராங்கை வைஸில் மாட்டி, ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.

"கழற்று, பார்க்கலாம்."

வலமாகத் திருப்பினேன். ‘டக்’கென்று விட்டது.

"சரி, நட்டுக்கு மட்டும் காசு கொடு" என்றார், நட்டை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டே. பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஸ்பிண்டிலையும் மாற்றி, புது கார்க் சீல் போட்டு, போன ஞாயிற்றுக்கிழமை கவரை மூடினேன். பம்ப் ஆயிலை மேலே ஏற்றுகிறதா என்று பார்க்க, இன்ஜின் தலையில் உள்ள ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பைப் பிடித்திருக்கும் பாஞ்சோ போல்ட்டைத் தளர்த்திவிட்டுக் கிக்கரை மிதிக்கத் தொடங்கினேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. முழங்கால் கெஞ்சத் தொடங்கிய பிறகு போல்ட்டடியில் ஒரு குமிழி வெடித்தது. அதன் பின்னால் ஆயில், தேன் நிறத்தில், இன்ஜினின் குளிரூட்டும் தகடுகளில் வழிந்து என் செருப்பில் சொட்டியது.