குரங்கு ராசாவின் பத்துக் கட்டளைகள்

2025 ஜூலை 6, ஞாயிறு

அக்காவின் மகள் இரண்டு நாள் எங்கள் வீட்டில் நின்றாள். பத்து வயது. தெஹிவளைக்குத் திரும்ப ஓட்டோவில் ஏறியவள், தலையை வெளியே நீட்டி, "சித்தி, அந்தக் குரங்குகள் பாவமெல்லே? தொப்பி ஆரிட்ட இருக்கோ, அவை சொல்றதைத்தானே செய்யோணும்?" என்று கேட்டாள். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "ஓம், பாவம்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரவில் நித்திரை வரவில்லை. நான் அவளுக்கு வாசித்துக் காட்டியது எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய ஓஸ் மந்திரவாதி கதை. படத்தை மட்டும் பார்த்தவர்களுக்குப் புத்தகம் கொஞ்சம் அந்நியமாக இருக்கும். கதையின் நாயகிச் சிறுமி டொரத்தியின் சப்பாத்து அதில் சிவப்பு இல்லை, வெள்ளி. மேற்கின் சூனியக்காரிக்கு ஒரு கண்தான், ஆனால் அது தொலைநோக்கி மாதிரி எல்லாவற்றையும் பார்க்கும். இருட்டென்றால் அவளுக்குப் பயம். தண்ணீரென்றால் அதைவிடப் பயம். அவளிடம் ஒரு தங்கத் தொப்பி இருந்தது. அதை வைத்திருப்பவர் மூன்று தடவை கூப்பிடலாம். கூப்பிட்டால் சிறகுக் குரங்குகள் வந்தே தீரவேண்டும், சொன்னதைச் செய்தே தீரவேண்டும்.

அந்தக் கதையைக் குரங்குகளின் ராசா சொன்னால் எப்படி இருக்கும்? தினம் கொஞ்சம் எழுதப் போகிறேன். எழுதும்போது நடப்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

காலையில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் நின்றபடியே யோசித்தேன். சூனியக்காரி பக்கமிருந்து எழுதலாமா? அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. மூல நூலில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. 1995இல் கிரெகரி மகுவையர் அவளையே நாயகியாக்கி நாவல் எழுதி, எல்ஃபபா என்று பெயரும் வைத்தார். பாமின் பெயரின் முதலெழுத்துகளை உருட்டிச் செய்த பெயர் அது. கெட்டிக்கார வேலை. அதற்குப் பிறகு அவளுக்காக இன்னொருவர் அழத் தேவையில்லை.

ராசாவுக்கும் பெயர் இல்லை. நானும் வைக்கப் போவதில்லை.

பம்பலப்பிட்டியில் இறங்குவதற்குள் முதல் வசனம் வந்துவிட்டது: "எங்களை யாரும் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஒற்றைக் காலில் நின்றுதான் கூப்பிட்டார்கள்." தொப்பியைப் போட்டுக்கொண்டு முதலில் இடது காலில், பிறகு வலது காலில், கடைசியாக இரண்டு காலிலும் நின்று மந்திரம் சொல்லவேண்டும். அதுதான் முறை.

ஜூலை 8, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டளைகளை எண்ணினேன். சூனியக்காரி மூன்று, தொப்பி கைமாறிய பிறகு டொரத்தி மூன்று, கடைசியில் தெற்கின் நல்ல சூனியக்காரி கிளிண்டா மூன்று. ஒன்பது. பதினான்காம் அதிகாரத்தைத் திரும்பப் பார்த்தபோது இன்னொன்றும் கிடைத்தது. தொப்பி பிறந்த கதையே அங்கேதான் இருக்கிறது. ராசாவின் பாட்டனாரும் கூட்டாளிகளும் ஒருநாள் விளையாட்டுக்காக, பட்டும் வெல்வெட்டும் உடுத்திக்கொண்டு ஆற்றோரம் போன க்வெலாலா என்ற மாப்பிள்ளையைத் தூக்கித் தண்ணீருக்குள் போட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே நீந்திக் கரையேறினான். மணப்பெண் கேலெட்டுக்குத்தான் கோபம் தீரவில்லை. சிறகைக் கட்டி ஆற்றில் எறியப் பார்த்தாள். பாட்டனார் கெஞ்ச, மாப்பிள்ளையும் அவர்களுக்காகக் கதைக்க, அந்தத் தண்டனை தொப்பியாக மாறியது. தொப்பியின் முதல் சொந்தக்காரன் அந்த மாப்பிள்ளைதான். அவன் இட்ட கட்டளை, மனைவியின் கண்ணில் இனிப் படவேண்டாம் என்பது. பாவம், குடும்பத்தில் சமாதானம் வேண்டுமே.

ஆகப் பத்து. பக்கத்து மேசைக்காரி கொட்டாஞ்சேனைப் பிள்ளை, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். காகிதத்தை எட்டிப் பார்த்து, "பத்துக் கட்டளையா? மோசேயை விட்டிட்டுக் குரங்கிட்டப் போயிட்டீங்களா அக்கா?" என்றாள். தலைப்புக் கிடைத்துவிட்டது.

டொரத்தியின் இரண்டாவது கட்டளை எனக்கு மிகவும் பிடித்தது. தன் ஊரான கான்சஸுக்குக் கொண்டுபோய் விடச் சொல்கிறாள். இந்த நாட்டை விட்டு எங்களால் வெளியே போக முடியாது, பாலைவனத்தைத் தாண்ட மாட்டோம் என்று ராசா சொல்கிறார். ஆனால் அந்தக் கட்டளையும் கணக்கில் கழிந்துவிடுகிறது. அசல் குறையாமல் வட்டிக்கே போன தவணை மாதிரி. எங்கள் கந்தோரில் இதை விளக்கிச் சொன்னால் சிரிப்பார்கள். லீசிங் தவணை பிந்தியவர்களுக்கு போன் எடுத்துக் கதைப்பதுதான் என் வேலை.

ஜூலை 10, வியாழன்

எசல போயா, பௌர்ணமி விடுமுறை. வெள்ளவத்தைக் கடல் காலையிலிருந்தே இரைந்துகொண்டிருந்தது. யன்னலைத் திறந்தால் ரயில் சத்தமும் உப்புக் காற்றும், மூடினால் புழுக்கம். குசினி மேசையில் இருந்து நாலு பக்கம் எழுதினேன்.

அம்மா வாங்கி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதில என்ன புதினம்? நாங்கள் இராவணன்ர பக்கத்தில இருந்து எத்தினை கதை கேட்டிருக்கிறம்" என்றார். அதுவும் சரிதான். திருகோணமலையில் பாறைப் பிளவைக் காட்டி இராவணன் வெட்டு என்கிறோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் தாயின் கிரியைக்காக அவன் தோண்டியவை என்கிறோம். 2019இல் இலங்கை விட்ட முதல் செய்மதிக்கும் அவன் பெயர்தான். 1964இல் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய 'இராவணேசன்' கூத்தை எழுதியவர் மௌனகுரு. கம்பன் பாடிய அதே போர்தான், ஆனால் மேடையின் நடுவில் நிற்பது தோற்கப்போகும் ராசா. போரின் முடிவை அந்தக் கூத்து மாற்றவில்லை. மாற்றியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

நானும் அதையே சட்டமாக வைத்துக்கொண்டேன். நடந்தது எதையும் மாற்றக்கூடாது. ராசா எங்கே நின்று அதைப் பார்த்தார் என்பது மட்டும் என் கையில்.

அம்மா இன்னொன்றும் சொன்னார்: "உன்ர குரங்கு கனக்க அழுகுது."

ஜூலை 13, ஞாயிறு

அம்மா சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. இதுவரை எழுதியதை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு பக்கத்தில் "எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை" என்ற வசனம் ஏழு தடவை. ராசா நல்லவர், அடிமை, பாவம். எல்லாம் உண்மைதான். ஆனால் சூனியக்காரியின் முதல் கட்டளையை நான் ஒரே வரியில் தாண்டி ஓடியிருந்தேன். விங்கிகள் என்ற மஞ்சள் நாட்டு மக்களை அவளுக்கு அடிமையாக்கியதே இந்தக் குரங்குகளின் கைதான். ஒரு நாட்டையே பிடித்துக் கொடுத்த சேதி, "பிறகு மேற்கில் சிறிது வேலை இருந்தது" என்று என் நோட்டில் கிடக்கிறது. அதை எழுதியது ராசாவா நானா?

மூல நூலை மறுபடி எடுத்து, குரங்குகள் வரும் வரிகளை மட்டும் மெதுவாக வாசித்தேன். மூன்றாவது கட்டளை, டொரத்தியையும் அவளோடு வந்த கூட்டாளிகளையும், சிங்கத்தைத் தவிர, அழிப்பது. தகர விறகுவெட்டியை உயரத்துக்குக் கொண்டுபோய்க் கூர்ப்பாறைகள் மேல் போடுகிறார்கள். வெருளியின் வைக்கோலை உருவி எடுத்து, உடுப்பைச் சுருட்டி, உயரமான மரத்தின் உச்சிக்கு எறிகிறார்கள். சிங்கத்தைக் கயிற்றால் சுற்றிக் கட்டித் தூக்குகிறார்கள். டொரத்தியைப் பிடிக்கத் தலைவன் நீண்ட மயிர்க் கைகளை நீட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு வருகிறான். அவள் நெற்றியில் வடக்கின் நல்ல சூனியக்காரியின் முத்தத் தழும்பைக் கண்டதும் கை அப்படியே நின்றுவிடுகிறது. அவளைப் பக்குவமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கோட்டை வாசலில் இறக்குகிறார்கள். இனி நீ எங்களைக் காணமாட்டாய் என்று சூனியக்காரியிடம் சொல்லிவிட்டு எழும்பிப் பறக்கிறார்கள். பறக்கும்போது சிரித்துக்கொண்டும் அலம்பிக்கொண்டும் போகிறார்கள்.

அந்தச் சிரிப்பை இத்தனை தடவை வாசித்தும் நான் காணவில்லை. தூக்கு, போடு, கட்டு என்பதெல்லாம் கட்டளை. சிரிக்கச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வேலையில் ஒரு சம்பவம். கிராண்ட்பாஸ் பக்கத்து ஓட்டோக்காரர் ஒருவர், மூன்று மாதத் தவணை பாக்கி. மகளுக்கு டெங்கு, இரண்டு கிழமை ஓடவில்லை என்றார். "எனக்கு விளங்குது அண்ணா, ஆனா என்னால செய்ய ஒண்டுமில்லை, சிஸ்டத்தில அப்பிடித்தான் இருக்கு" என்றேன். ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லும் வசனம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வாகனத்தை எடுப்பார்கள் என்பதையும் சொன்னேன். போனை வைத்ததும் பக்கத்து மேசைக்காரி அவருடைய இழுத்துப் பேசும் குரலில், "மிஸ்... மிஸ்... கொஞ்சம் பொறுங்கோ மிஸ்" என்று செய்து காட்டினாள். நல்லாகச் செய்வாள். எல்லாரும் சிரித்தோம்.

நானும்.

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு பக்கத்தையும் கிழிக்கவில்லை, ஒரு ஓரமாக வைத்தேன். புதுத் தாளில் தொடங்கினேன்:

"தகரம் பாறையில் விழும்போது ஒரு சத்தம் கேட்கும். முதலில் ஒரு தட்டு, பிறகு சின்னச் சின்னதாகப் பல தட்டுகள், கடைசியில் எங்கோ ஒரு மூட்டுத் தனியாக உருண்டு போகும் சத்தம். எங்களில் இளையவன் ஒருவன் அந்தச் சத்தத்தை வாயால் அப்படியே எடுத்தான். வழி முழுக்க அவனை மறுபடி மறுபடி செய்யச் சொன்னோம். கேட்டவர்களில் நானும் ஒருவன். அந்தத் தகரத்தைத் திரும்பப் பொருத்த விங்கி நாட்டுத் தகரக் கம்மியர்கள் மூன்று பகலும் நான்கு இரவும் வேலை செய்தார்கள் என்று பிறகு அறிந்தேன். அந்தக் கம்மியர்களின் கையில் விலங்கு போட்டவர்களும் நாங்கள்தான்."

"வேறு வழி இருக்கவில்லை" இப்போது ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதைச் சொல்வது ராசா இல்லை, கூட்டத்தில் ஒரு கிழவன். ராசா பதில் சொல்வதில்லை.

ஜூலை 19, சனி

அக்காவின் மகள் வந்தாள். மாலு பணிஸைக் கடித்துக்கொண்டே முழுவதும் கேட்டாள். சிரிக்கும் இடத்தில் சிரித்தாள், பிறகு சிரித்ததற்காக என்னைப் பார்த்தாள். மோசமான பார்வை, காசு கொடுத்தாலும் கிடைக்காத விமர்சனம்.

கடைசிப் பகுதி என்னிடம் இன்னும் முடியவில்லை. கிளிண்டா தன் மூன்று கட்டளைகளிலும் மற்றவர்களை வீடு சேர்க்கிறாள்: வெருளியை மரகத நகரத்துக்கு, விறகுவெட்டியை விங்கிகளிடம், சிங்கத்தைக் காட்டுக்கு. பிறகு தொப்பியை ராசாவிடமே கொடுத்துவிடுகிறாள். விடுதலை. பாமுக்கு அது காணும். அவருக்குக் கதை டொரத்தியுடையது.

"அப்ப இப்ப தொப்பி ராசாவிட்டயா?" என்றாள்.

"ஓம்."

"அப்ப அவரும் மூண்டு தரம் கேக்கலாமெல்லே? குரங்குகளிட்ட?"

இந்த ஓட்டையை நான் காணவே இல்லை. தொப்பி யாருடையதோ அவருக்கு மூன்று. இப்போது அது அவருடையது. சொந்தக் கூட்டத்திடம் மூன்று கட்டளை. அவர் கேட்பாரா? கேட்டால் முதலில் எங்கே போகச் சொல்வார், மேற்குக்கா?

அவள் நித்திரையான பிறகு அம்மாவின் கம்பளித் தொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, குசினி நடுவில் இடது காலில் நின்று பார்த்தேன். ராசாவின் உடம்பு எப்படி ஆடும் என்று தெரியவேண்டுமே. நாலைந்து வினாடிதான், மேசையைப் பிடித்துவிட்டேன்.

"காலில என்னடி?" என்று கேட்டுக்கொண்டு அம்மா தண்ணீர் குடிக்க வந்தார்.